வண்டி நின்ற இடங்கள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் போகிற சாலையில் எங்கள் கார் நின்றுபோன இடங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். குன்னம் தாண்டி ஒரு வேப்பமரம். சிமெண்டு லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ஒரு டீக்கடை வாசல். அரியலூருக்குள் நுழைகிற வளைவு, அதுவும் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். உடையார்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே, பந்தி முடிந்து ஜனம் வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வருகிறபோது. இப்போது அந்த வழியே பஸ்ஸில் போனாலும், அந்தந்த இடம் வரும்போது என் தலை தானாகக் குனிந்துகொள்கிறது. பக்கத்து சீட்டுக்காரர், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பாவுக்கு முடியாமல் போனதும் எங்கள் மாவு மில்லில் வந்து நின்றேன். இன்னும் அங்கேதான் நிற்கிறேன். அரிசி, மிளகாய், மல்லி, கேழ்வரகு என்று பெரம்பலூரில் நாலைந்து தெருவுக்கு நாங்கள்தான் அரைத்துக் கொடுக்கிறோம். கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். மில்லைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பூட்டினோமா என்று திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறவன். இழுத்துப் பார்த்துவிட்டு வந்தபிறகு, இழுத்த இழுப்பில் திறந்துகொண்டிருக்குமோ என்று யோசிக்கிறவன்.

எங்களுக்கு ஒரே மகள். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். முந்திரிக் காடும் நெல் வயலும் உள்ள குடும்பம். வாசலில் புதுக் கார் நிற்கும். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துச் சம்பந்தியம்மா பேசுவார். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே அவர் பேச ஆரம்பித்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

மகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்த அன்றே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்கவேண்டும். வலி எடுத்தால் எதில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது? ஆட்டோக்காரர் சாப்பிடப் போயிருந்தால்? ஆம்புலன்ஸ் வேறு யாரையாவது ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போயிருந்தால்? இப்படி யோசித்து யோசித்து, ஆவணி மாதத்தில் ஒரு பழைய காரை வாங்கிவிட்டேன். எங்கள் ஊரில் ஒரு பெரியவர், பார்வை மங்கியதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு விற்ற கார். உருண்டை முதுகு, வெள்ளை நிறம், உட்கார்ந்தால் சோபா மாதிரி அமுங்குகிற சீட்டு. பின்னால் இடது ஓரத்தில், பெரிய வெள்ளி வில்லையைப் பதித்தது போலப் பெட்ரோல் மூடி வெளியிலேயே தெரியும்.

“கவலப்படறதுக்கு உங்களுக்கு ஒரு சாமான் வேணும். அத வாங்கியாந்து வாசல்ல நிறுத்திட்டீங்க,” என்றாள் மனைவி.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, பிரசவத்துக்கு எங்கள் வாசலிலேயே கார் தயாராக நிற்கும், நீங்கள் எதற்கும் யோசிக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். பின்னால் வந்த அவமானத்துக்கெல்லாம் விதை அந்தப் போன்தான்.

வாங்கிய புதிதில் காரைக் குறை சொல்ல முடியாது. ஒருமுறை மகளைப் பார்க்கச் சோழபுரம் வரை போய்த் திரும்பினோம். ஒரு முனகல்கூட இல்லை. அதன்பிறகு ஆயுத பூஜை வந்தது.

மில்லில் வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது அப்பா காலத்து வழக்கம். மோட்டாருக்கு, அரைக்கிற கல்லுக்கு, தராசுக்கு, சுவிட்சுப் பெட்டிக்கு. எதையாவது விட்டுவிட்டால் அது அன்றைக்கே பழிவாங்கும் என்று எனக்குள் ஒரு பயம். ஒருமுறை பெல்ட்டுக்கு வைக்க மறந்தேன். அன்று மத்தியானமே அறுந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அதிலிருந்து பெல்ட்டையும் விட்டதில்லை. சந்தனத்தை வெறும் தண்ணீரில் குழைத்தால் காய்ந்ததும் மோட்டார் அதிர்கிற அதிர்ச்சியில் உதிர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துக் கெட்டியாகக் குழைப்பேன். மாவு மில்காரனுக்கு மாவுக்கா பஞ்சம்? காய்ந்தால் சுவரில் பூசியது மாதிரி பிடித்துக்கொள்ளும்.

அந்த ஆயுத பூஜைக்குக் காரையும் சேர்த்துக்கொண்டேன். கழுவித் துடைத்து, முன் மூடிக்கு, விளக்குகளுக்கு, கண்ணாடிகளுக்கு, நாலு சக்கரத்துக்கும் ஸ்டெப்னிக்கும், ஸ்டீயரிங்குக்கு, ஹாரனுக்கு, டிக்கிக்கு, பெட்ரோல் மூடிக்கு என்று ஒன்றையும் விடாமல் வைத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளியும், மில்லை முடித்துவிட்டு வந்து, பழைய பொட்டின் மேலேயே புதிதாக ஒன்று.

ஐப்பசியில் வண்டி நிற்க ஆரம்பித்தது.

ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. வெளியூர் ரோட்டில் ஏறி நல்ல தூரம் போனபிறகுதான். முதலில் விக்கும், வெறும் அவலை வாய் நிறையப் போட்டுக்கொண்டவன் மாதிரி. அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது. ஓரம் கட்டுவதற்குள் அணைந்துவிடும். இறங்கி நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் முகத்தைக் காட்டி, ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடி விக்கும்.

துறையூர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் விட்டேன். நல்ல மனிதர், பழைய வண்டி என்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம். முதல் வேலையாகப் பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார், கலப்படம் இருக்கிறதா என்று. ஒரு குச்சியை உள்ளே விட்டு அளவு பார்ப்பார். மூடிவிட்டு, முன்பக்கம் வந்து இன்ஜினைப் பிரிப்பார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அடுத்த தரம் பாயிண்டை மாற்றினார். அதற்கடுத்த தரம் காயில். பிறகு பெட்ரோல் பம்ப். அவர் சொல்கிற ஒவ்வொரு பெயருக்கும் நான் தெரிந்தவன் மாதிரி தலையாட்டுவேன். படித்தவனாக இருந்தால் தைரியமாக, எனக்குப் புரியவில்லை என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. படிக்காதவனுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. வீட்டில் மனைவி, என்னவாம் என்று கேட்டால் அதே பெயரைத் திருப்பிச் சொல்வேன். அது எங்கே இருக்கிறது என்பாள். முன்னால் இருக்கிறது என்பேன்.

ஒவ்வொரு முறையும் மெக்கானிக் புது பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். வண்டி பெட்டிப் பாம்பாக ஓடும்.

“எங்கிட்ட வந்தா மட்டும் நல்லா ஓடுதுண்ணே. உங்க மேலதான் அதுக்கு என்னமோ கோவம்,” என்றார்.

கடைசியில், இன்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்கிறது, தூரம் போவதாக இருந்தால் பம்பைச் சுற்றி ஈரத்துணி கட்டுங்கள் என்றார். என் பழைய துண்டு ஒன்றை நனைத்துக் கட்டிக்கொண்டுதான், கார்த்திகையில், மகளின் வளைகாப்புக்குப் புறப்பட்டோம்.

முன் சீட்டில் மனைவி, மடியில் வளையல் தட்டு. பின்னால் உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர். டிக்கியில் கட்டுச்சோற்றுத் தூக்குகள்: புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர். உடையார்பாளையத்தில் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு எதிரே வண்டி விக்கியது. நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அணைந்துவிட்டது.

இறங்கி முன் மூடியைத் தூக்கினேன். தூக்கி என்ன செய்யப் போகிறேன்? துண்டு ஈரமாகத்தான் இருந்தது. மண்டபத்திலிருந்து வெளியே வந்தவர்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் உள்ளே கையை விட்டு எதையோ ஆட்டினார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மனைவி யாருக்கும் கேட்காமல் மகளுக்குப் போன் போட்டாள். மாப்பிள்ளை தன் புதுக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் டிக்கியிலிருந்து தூக்குகளை எடுத்து அவர் டிக்கியில் வைத்தார். அந்தச் சாலையில், அத்தனை பேர் பார்க்க, பெண் வீட்டுச் சீரை மாப்பிள்ளையே சுமந்து ஏற்றினார். எலுமிச்சைச் சாதத் தூக்கின் மூடி கழன்று, கொஞ்சம் அவர் வேட்டியில் கொட்டியது.

பெண்களை அனுப்பிவிட்டு நான் காரோடு நின்றேன். அப்புறம் அது தானாகக் கிளம்பியது. சம்பந்தி வீட்டுத் தெரு முனை வரைக்கும் வந்து மறுபடி நின்றது. அங்கே விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் ஓடி வந்து, ஆரவாரமாக வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். வளையல் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

சம்பந்தியம்மா சிரித்த முகத்தோடு சொன்னார்: “வண்டி நல்ல வண்டிதான் அண்ணே. தள்ளுறதுக்குத்தான் ஆளுவளக் கூட ஏத்திக்கிட்டு வரணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். முழங்கை வரை வளையல் அடுக்கி உட்கார்ந்திருந்த என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தரம் கழுவியும் கரி போகவில்லை. அந்தக் கையால்தான் அட்சதை எடுத்து அவள் தலையில் போட்டேன். மஞ்சள் அரிசி என் விரல் பட்ட இடத்தில் கறுத்துவிட்டது.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவோம். பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் சம்பந்தியம்மா என்னையும் மனைவியையும் உட்காரவைத்தார்.

“தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே. இன்னிக்கி ஒரு வாடக வண்டி புடிச்சிக் கூட கூட்டிட்டுப் போயிடலாம். வலி எடுக்கற அன்னிக்கி நடுரோட்டுல நின்னா என்னா பண்ணுவீங்க? புள்ள இங்கயே இருக்கட்டும். தை பொறக்கட்டும். அதுக்குள்ள உங்க வண்டி சரியாச்சின்னா வந்து கூட்டிக்குங்க. இல்லன்னா பிரசவமும் இங்கயே ஆவட்டும். எங்க வண்டி வாசல்லதான நிக்குது.”

அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். எங்கள் வாசலில் கார் நிற்கும் என்று போனில் சொன்னவன் நான்தானே. தலையாட்டினேன். மகள் பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோகச் சொன்னாள்.

வருகிற வழியெல்லாம் மனைவி வெறும் வளையல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். திட்டியிருந்தால் தேவலாம். பெரம்பலூரில் மில்லுக்கு வருகிறவர்கள் எல்லாரும், பெண் வரவில்லையா என்று கேட்டார்கள். ஊரெல்லாம் எங்கள் வீட்டு வளைகாப்பு தெரியும். மாதக் கணக்கு சரியில்லை, பயணம் கூடாது என்றார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிவர முடியாத வீடு என்று யாரும் வாயால் சொல்லவில்லை. அரைத்த மாவை வாங்கிக்கொண்டு போகும்போது சட்டென்று பேச்சை மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

மகள் தினம் சாயந்தரம் போன் பண்ணுவாள். சாப்பிட்டேனா என்று கேட்பாள். பிறகு, வண்டி என்ன ஆயிற்று என்பாள். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பேன். ஒருநாள் அவளே சொன்னாள்: “எனக்கு நம்ம வூட்டுக்கு வரணும் போலத்தான் இருக்குப்பா. அதுக்காக நீங்க தூங்காம கெடக்காதீங்க.”

மனைவியின் யோசனைப்படி, ஒரு திங்கட்கிழமை காரைச் சிறுவாச்சூருக்கு ஓட்டிப் போய் அம்மன் வாசலில் நிறுத்தினோம். வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும், நல்ல கூட்டம். பூஜை போட்டு, பூசணிக்காய் சுற்றி உடைத்து, தட்டில் மிச்சமிருந்த சந்தனத்தை வீணாக்கக் கூடாதென்று, ஏற்கெனவே பொட்டு இருந்த இடங்களில் எல்லாம் இன்னொரு சுற்று அப்பினேன். எங்கெல்லாம் கோளாறு இருக்கக்கூடும் என்று பயந்தேனோ அங்கெல்லாம் தடிமனாக. வீடு வரை நிற்காமல் வந்தது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிறுவாச்சூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. அந்த வாரமே, அரியலூர் போகிற வழியில், லாரிகள் நிற்கிற அந்த டீக்கடை வாசலில் நின்றது.

அது மார்கழி. பனி இறங்கி, பத்து மணிக்கும் சட்டையைத் தாண்டிக் குளிர்கிறது. சூட்டினால் நிற்கிறது என்றால் இந்தக் குளிரில் ஏன் நிற்கவேண்டும்? ஈரத்துணியை அவிழ்த்து எறிந்தேன். மெக்கானிக்குக்கும் சலித்துவிட்டது. விற்றுவிடுங்கள் என்றார்.

மாதாந்திர மின்தடைக்காக மில் சும்மா கிடந்த ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு அரியலூர் ரோட்டில் போனேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. நிற்கிற இடத்தில் நிற்கட்டும், கூட யாரும் இல்லாமல் ஒருமுறை அதைப் பார்த்துவிடலாம் என்றுதான். குன்னம் தாண்டி, வேப்பமரத்தடியில் நின்றது.

நின்ற மறு நிமிஷமே எனக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது. வாசலில் நிற்கிற வண்டி. யாராவது ராத்திரியில் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போயிருந்தால்? முள் காட்டுகிற அளவை நான் எப்போதும் நம்பியதில்லை. இறங்கிப் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினேன். கழலவில்லை. உள்ளே இருந்து யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் திருகி இழுத்தேன். ‘உஸ்ஸ்’ என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு திறந்தது. தண்ணீருக்குள் ரொம்ப நேரம் மூழ்கியிருந்தவன் தலையைத் தூக்குகிற சத்தம். பயந்து கையை உதறிவிட்டேன்.

பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பியது. காத்திருக்காமல் அது கிளம்பியது அதுதான் முதல் தடவை.

அரியலூர் தாண்டினேன். மறுபடி விக்கியது. இந்தத் தடவை எனக்குப் படபடப்பு வேறு மாதிரி. ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். அதே சத்தம். சாவியைத் திருப்பினேன்; கிளம்பியது. பிறகு மூடியை முழுதாக மூடாமல், இடையில் ஒரு துணியைச் செருகிக்கொண்டு, உடையார்பாளையம் வரை போய்த் திரும்பி, பழைய வேப்பமரம் வரை வந்தேன். ஓரிடத்திலும் விக்கவில்லை. மரத்தடியில் நானே நிறுத்தினேன். மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

ஆயுத பூஜையிலிருந்து வைத்த பொட்டு அத்தனையும் அடுக்கு அடுக்காக இருந்தது. சந்தனம், குங்குமம், மேலே சந்தனம், மேலே குங்குமம், சிறுவாச்சூர் சந்தனம். சாவி நுனியால் நெம்பினேன். ஓட்டுச் சில்லு மாதிரி ஒரே துண்டாகப் பெயர்ந்தது. கீழே, மூடியின் நட்டநடுவில், ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை.

எண்ணெய் டின்னைத் திறக்கும்போது இந்த ஓரத்தில் ஒரு ஓட்டை, எதிர் ஓரத்தில் ஒரு ஓட்டை போடுவோம். ஒன்றில் எண்ணெய் வரும், இன்னொன்றில் காற்றுப் போகும். ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கி நின்றுவிடும். இது எனக்கு டவுசர் போட்ட காலத்திலிருந்து தெரியும். பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும்; அதற்குத்தான் அந்தத் துளை. நின்றபிறகு காத்திருந்தால், மூடியின் ஓரத்து இடுக்கு வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கியிருக்கிறது. மெக்கானிக் ஒவ்வொரு தரமும் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார். அதனால்தான் அவரிடம் மட்டும் நன்றாக ஓடியது. வண்டியின் மூக்கை நானே பொத்தி வைத்துக்கொண்டு, ஏன் மூச்சு விடமாட்டேன் என்கிறது என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அது நிற்க நிற்க இன்னும் நன்றாகப் பொத்தியிருக்கிறேன்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எந்த டிரைவருக்கும் நான் செய்தது தெரியாது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து, ஒரு குழாயில் அடைப்பு, எடுத்தாயிற்று என்றேன். யார் எடுத்தது என்றாள் மனைவி. நான்தான் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமானதிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. அதற்கப்புறம் எப்படி உண்மையைச் சொல்வது? அவள் தெருவெல்லாம் சொன்னாள், மெக்கானிக்கால் முடியாததை அவரே கண்டுபிடித்துவிட்டார் என்று. மெக்கானிக் மில்லுக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, எந்தக் குழாய் என்று கேட்டார். பின்னால் இருக்கிற குழாய் என்றேன். பழைய அவமானத்தில் குனிந்த தலை, இந்தப் பாராட்டில் இன்னும் குனிந்தது.

தை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து, மகளைக் கூட்டிவர நானும் மனைவியும் புறப்பட்டோம். வண்டி ஓரிடத்திலும் நிற்காமல் சம்பந்தி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. சம்பந்தியம்மா வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். யாரும் தள்ளாமல் வந்துவிட்டதே, பரவாயில்லை என்றார். சாப்பாடு ஆயிற்று. மகள் மெல்ல வந்து பின் சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டாள். பெட்டி டிக்கிக்குள் போயிற்று. நான் சாவியில் கை வைத்தேன்.

சம்பந்தியம்மா உள்ளேயிருந்து ஒரு கிண்ணத்தோடு வந்தார். சந்தனமும் குங்குமமும். பிள்ளைத்தாய்ச்சி புறப்படுகிற வண்டி, வைக்கத்தானே வேண்டும். முன் மூடிக்கு வைத்தார். சக்கரங்களுக்கு வைத்தார். பின்பக்கம் போனார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் மூடியில், என் பழைய பொட்டு பெயர்ந்த இடம் வட்டமாக வெளுத்துத் தெரியும். இங்கே வைப்பதுதான் இவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தி, தாராளமாக ஒரு பொட்டு வைத்தார்.

ஜன்னல் பக்கம் வந்து, “பெட்ரோலுக்கும் வச்சிட்டேண்ணே. நடுவழியில நிக்கக் கூடாது பாருங்க,” என்றார்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால் எதைச் சொல்வது? “சரிங்க தங்கச்சி,” என்றேன். அவர் இன்னொன்றும் சொன்னார்: எதற்கும் இருக்கட்டும், மாப்பிள்ளை தன் வண்டியில் பெரம்பலூர் வரை பின்னாலேயே வருவார். வழியில் ஏதாவது என்றால் பெண்ணை அப்படியே மாற்றி ஏற்றித் திரும்பக் கூட்டி வந்துவிடலாம்.

புறப்பட்டோம். முன்னால் என் கார். கண்ணாடியில் மாப்பிள்ளையின் புதுக் கார். மகள் அவள் அம்மாவிடம் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. சந்தனம் இந்நேரம் காய்ந்திருக்குமா? துளைக்குள் எவ்வளவு இறங்கியிருக்கும்? எந்த இடத்தில் விக்கும்? அது விக்கினால் மகள் எங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஊர் எல்லை தாண்டி முந்திரிக் காட்டு ஓரம் வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஓரம் கட்டினேன்.

“நின்னுபோச்சாப்பா?” என்றாள் மகள். அவள் குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

“இல்லம்மா. நான்தான் நிறுத்துனேன்.”

மனைவியிடம் ஊக்கு கேட்டேன். இப்போது எதற்கு ஊக்கு என்றபடியே முந்தானையிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். நான் பின்பக்கம் போவதற்குள் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டார்.

“நின்னுருச்சா மாமா?”

கையில் ஊக்கோடு நின்றேன். நின்றுவிட்டது என்றால் மகள் அவர் காரில் ஏறித் திரும்பிப் போவாள். நிற்கவில்லை என்றால், அவருடைய அம்மா ஆசையாக வைத்த பொட்டை, தெருவைத் தாண்டியதும் நான் ஏன் சுரண்டுகிறேன் என்று சொல்லவேண்டும். அவருடைய வேட்டியில் கொட்டிய எலுமிச்சைச் சாதம் ஞாபகம் வந்தது.

“வண்டி நிக்கல மாப்ள. இதுக்குக் கீழ ஒரு ஓட்டை இருக்கு. காத்து போவணும். ஆயுத பூஜையிலேர்ந்து பொட்டு வச்சி வச்சி நான்தான் அத அடச்சிருக்கேன். வண்டிக்கி வேற ஒரு கோளாறும் இல்ல.” தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். “இப்ப உங்கம்மாவும் வச்சிட்டாங்க.”

அவர் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். கார் ஜன்னல் இறங்கியிருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

“மில்லுல வெக்கிற மாதிரி மாவு போட்டா கொழச்சீங்க?” என்றாள் மனைவி.

“ம்.”

முதலில் மகள்தான் சிரித்தாள். வளையல் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அய்யோ வலிக்குது,” என்றாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதவுக்குப் பாய்ந்தோம். “சிரிச்சி வலிக்குதுப்பா. அந்த வலி இல்ல,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கைக்குட்டையால் மூடியைத் துடைத்தார். என் கையிலிருந்த ஊக்கை வாங்கித் துளைக்குள் விட்டுத் திருகி எடுத்தார். வாயை வைத்து ஊதியும் பார்த்தார். கைக்குட்டையில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் கீழே உதறவில்லை. மூடிக்கு ஒரு சாண் தள்ளி, டிக்கிக் கதவின் மேல் விரலால் பொட்டாகவே வைத்தார். ஊக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நீங்க போங்க மாமா, நான் இப்படியே திரும்பிக்கிறேன். போய்ச் சேந்ததும் அவள போன் பண்ணச் சொல்லுங்க.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன்.

உடையார்பாளையம் வந்தது. மெதுவாகப் போகச் சொன்னாள் மனைவி. கல்யாண மண்டபத்தைக் கை நீட்டி மகளுக்குக் காட்டினாள். “இங்கதாண்டி நின்னோம். உங்கப்பா மூடியத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு, உள்ள என்னமோ தெரிஞ்ச மாதிரி பாத்துக்கிட்டு இருந்தாரு.” அரியலூர் வளைவையும் காட்டினாள். டீக்கடையைக் காட்டினாள். நான் வழி முழுவதும் மறக்க நினைத்த ஒவ்வோர் இடத்தையும், கோயில் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவது மாதிரி, ஒன்று விடாமல் காட்டிக்கொண்டு வந்தாள். மகள் ஒவ்வொன்றுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும்மா, போதும்மா என்றாள்.

வேப்பமரம் வந்தது. அங்கே நான் தனியாக மூடியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. தலை குனியப் பார்த்தது. ஆனால் வண்டி ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்? நிமிர்ந்தபடியே, காது சுடச் சுட, அந்த மரத்தையும் தாண்டி ஓட்டினேன்.